மாத்தளை எண்ணெய்

ஏலக்காய் புளியமரத்தைப் போலப் பெரிய மரத்தில் காய்க்கிறது என்று நாலாம் வகுப்பில் அடித்துச் சொன்னவள் நான். பறிப்பதற்கு ஆட்கள் ஏணி வைத்து ஏறுவார்கள் என்றும், காற்றடித்தால் ஊர் முழுக்கப் பாயசம் மணக்கும் என்றும் விவரமாகவே சொல்லியிருந்தேன். மன்னார்த் தீவில் அதைப் பொய் என்று நிறுவ யாருக்கும் வசதியில்லை. எங்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் பனையும் உடைமரமும்தான். பக்கத்து வாங்கில் இருந்தவள் மட்டும், ஏலக்காய் செடியில்தான் காய்க்கும் என்றாள். அவளுடைய சொந்தக்காரர் யாரோ மலைநாட்டில், அட்டனில் இருந்ததால் அவளுக்கு அந்தத் துணிவு. ஆகவே அந்த ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் மலைநாட்டுக்குப் போகிறோம், வாசனைச் சரக்குத் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் பார்க்கப் போகிறோம் என்று அம்மா சொன்னபோது, என் மானத்தைக் காப்பாற்றத்தான் குடும்பமே புறப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையான காரணம் அப்பாவின் வலது கால்.

அப்பா சங்கு குளிக்கிறவர். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சிலாவத்துறைக்கு நேரே கடலில் இறங்கி, அடிமணலைத் துழாவிச் சங்கு எடுத்து வருவார். நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் ஒருநாள், மெதுவாக ஏற வேண்டிய ஆழத்திலிருந்து சடுதியாக மேலே வந்துவிட்டார். சிலிண்டரில் காற்று முடிந்துவிட்டது என்று அவர் சொன்னார். கூடப் போனவர்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள். எதுவாக இருந்தாலும், படகில் தூக்கிப் போட்டபோது அவருக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இடது கால் தேறிவிட்டது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே உணர்வு திரும்பவேயில்லை. தடி ஊன்றி, அந்தக் காலை விசுக்கி விசுக்கி நடப்பார். அதில் முள் ஏறினாலும் யாராவது பார்த்துச் சொன்னால்தான் தெரியும். இனிக் கடலுக்குள் இறங்கவே கூடாது, இறங்கினால் அடுத்த முறை காலோடு நிற்காது, ஆளே மிஞ்சமாட்டார் என்று டொக்டர் அம்மாவிடம் சொன்னார். அப்பாவிடமும் சொன்னார். அம்மா அழுதார். அப்பா எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டார்.

கரையில் இருக்கிற அப்பா வேறு ஆள். கறியில் உப்பு, வேலியில் ஓட்டை, என் எழுத்தின் சரிவு என்று எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தார். மற்றவர்கள் கடலுக்குப் போகும் நேரம் வாசலில் கதிரையைப் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். எனக்கு அந்த நாட்களில் அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

இதற்கெல்லாம் மருந்து கண்டுபிடித்தவர் மாமா. அம்மாவின் தம்பி. சொந்தமாக ஒரு வான் வைத்து மடு மாதா கோயிலுக்கும் தலைமன்னாருக்கும் ஆட்களை ஏற்றி இறக்குவார். வானில் ஏறுகிறவர்கள் சொல்வது எல்லாவற்றையும் நம்புவது அவருடைய குணம். மாத்தளைப் பக்கம் ஒரு சரக்குத் தோட்டத்தில் விறைத்த காலுக்கு எண்ணெய் கொடுக்கிறார்கள், பதினைந்து வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தவர் எழுந்து நடந்து போனாராம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மா அன்றைக்கே சரி என்றுவிட்டார். அப்பாவிடம் கேட்டால் வரமாட்டார் என்று தெரியும். பிள்ளைக்குத் தேயிலைத் தோட்டம் காட்டுவோம், அவளும் எவ்வளவு காலமாகக் கேட்கிறாள் என்று என்னைச் சாட்டினார்கள். நான் அப்படிக் கேட்டதே இல்லை. ஆனால் மறுத்துப் பேசவும் இல்லை.

மூன்று நாள் பயணத்துக்கு அம்மா மூன்று மாதத்துக்கான சாமான் கட்டினார். அரிசி, மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு சாக்குக் கருவாடு. மலைநாட்டில் மீன் கிடையாது, கிடைத்தாலும் அது மீனாக இராது என்பது அம்மாவின் முடிவு. மதவாச்சி தாண்டுவதற்குள் வான் முழுக்கக் கருவாடு மணத்தது. தம்புள்ளைக்குக் கிட்ட ஒரு பொலிஸ்காரர் வானை மறித்து உள்ளே தலையை நீட்டிவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகச் சொன்னார்.

சரக்குத் தோட்டத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வாசலுக்கே வந்து கும்பிட்டார். வந்தவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவது அவருடைய வேலை. கோட்டைப் பார்த்ததும் அம்மா அவரை டொக்டர் என்று கூப்பிடத் தொடங்கினார். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிங்களவர், தமிழை நன்றாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார். கறுவாப் பட்டையை உரித்துக் காட்டினார். மிளகுக் கொடியைக் காட்டினார். மரத்தின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு காய்த்த கொக்கோவைக் காட்டினார். பிறகு குனிந்து ஒரு செடியின் அடியில் கிடந்த இலையை விலக்கினார். அங்கே தரையோடு தரையாக, பச்சைப் பச்சையாக ஏலக்காய். ஏணி வேண்டாம், குந்தி இருந்தால் போதும். இதை வகுப்பில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று நான் அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

கடைசியில் ஓலைக் கொட்டகை ஒன்றில் எங்களை இருத்தி, ஆளுக்கொரு சின்னக் கோப்பையில் ஏலமும் இஞ்சியும் போட்ட தேத்தண்ணி தந்தார்கள். வெள்ளைக் கோட்டுக்காரர் ஒரு களிம்பைக் கொண்டுவந்து மாமாவின் கையைக் கேட்டார். மாமாவின் கை கரடியின் கை மாதிரி. அதில் சதுரமாக ஓரிடத்தில் களிம்பைப் பூசிவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் துணியால் துடைத்தார். பூசிய இடத்தில் ஒரு முடி இல்லை. பிறந்த பிள்ளையின் தோல் மாதிரி வழுவழுவென்று இருந்தது.

அம்மா எழுந்து வந்து அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். முடி கொட்டுவதற்கும் கால் உணர்வதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு மருந்து வேலை செய்துவிட்டது; பக்கத்தில் இருந்த எண்ணெய்ப் போத்தல் மட்டும் வேலை செய்யாமல் விடுமா என்பதுதான் எங்கள் எல்லோருடைய நினைப்பும்.

“டொக்டர், இவரின்ரை காலையும் ஒருக்காப் பாருங்கோ” என்றார் அம்மா.

அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். ஆனால் மாமா அதற்குள் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டார். வெள்ளைக் கோட்டுக்காரர் அப்பாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, கரும்பச்சை நிறமான ஓர் எண்ணெயை ஊற்றி, முழங்காலிலிருந்து விரல் நுனி வரைக்கும் அழுத்தி உருவினார். கராம்பு மணம் மூக்கைத் துளைத்தது. நாங்கள் எல்லோரும் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“அண்ணா, சூடு தெரியுதா?” என்று கேட்டார் வெள்ளைக் கோட்டுக்காரர்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சீலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதடு அசையச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஓம்” என்றார் அப்பா. “கொஞ்சம் சூடாத்தான் இருக்கு.”

அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா ‘மாதாவே’ என்று நெற்றியில் சிலுவை போட்டார். ஒரு போத்தல் எண்ணெயைக் கடதாசியில் சுற்றித் தந்தார்கள். நாளுக்கொரு தரம், பொழுது சாயும் நேரத்தில் தேய்க்கச் சொன்னார்கள். அம்மா அதை யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வான் புறப்பட்டுக் கொஞ்சத் தூரம் வரைக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். அப்பாகூடச் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பிறகு அப்பா சொன்னார், “அப்ப கச்சான் ஓய்ஞ்ச உடன நான் இறங்கலாம்.”

கச்சான் எங்கள் பக்கத்துத் தென்மேற்குக் காற்று. அது அடிக்கிற மாதங்களில் சங்குக்குப் போக முடியாது. அது ஓய இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

அம்மா மடியிலிருந்த போத்தலை இறுக்கிப் பிடித்தார். “எங்க இறங்கிறது?”

“கடலுக்குத்தான். கால் சரியாகுதெண்டால் பிறகு என்ன தடை?”

“ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னது உங்களுக்கு மறந்து போச்சோ?”

“அது கால் வராது எண்டு நினைச்சுச் சொன்னது. இப்ப வருதே. நீர்தானே கூட்டிக்கொண்டு வந்தனீர்.”

மாமா கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, “அத்தான் சொல்லுறதும் சரிதானே அக்கா” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா கடலுக்குப் போனால் வாசல் கதிரை காலியாகும், வீட்டில் பழையபடி எல்லோரும் சிரிப்போம். கண்டி வரைக்கும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் வந்தது எனக்குக் கோபமாக இருந்தது. ஆசைப்பட்டது கிடைத்த பிறகும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாரே என்று.

அடுத்த நாள் தேயிலைத் தொழிற்சாலை. மலைநாட்டுக் குளிரை நாங்கள் சரியாகக் கணக்குப் பண்ணவில்லை. எங்கள் ஊரில் குளிர் என்பது மார்கழி விடியற்காலையில் ஒரு போர்வை கேட்கும் சங்கதி. இங்கே பட்டப்பகலில் வாயைத் திறந்தால் புகை வந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை, ஒரு வெள்ளைப் பனிப்புகார் மலையிலிருந்து இறங்கிச் சட்டைக்குள் நுழைந்தது. மாமா துவாயைத் தலையைச் சுற்றிக் காதோடு கட்டிக்கொண்டார். அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்கு மேலே மாமாவின் மழைக்கோட்டைப் போட்டிருந்தார். நான் இரண்டு சட்டை போட்டும் பல் கிட்டியது. தேயிலை இடுப்பளவுச் செடி என்பதை நான் வானிலிருந்தே பார்த்து முடித்துவிட்டேன். இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை போய்விட்டது.

தொழிற்சாலைக்குள்ளே ஒரு அக்கா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். வாடப் போட்ட இலை, உருட்டுகிற இயந்திரம், சலிக்கிற தட்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசிச் சல்லடையில் விழுவதுதான் தூள், அதைத்தான் ஊரில் எல்லோரும் குடிக்கிறார்கள், நல்ல இலையெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறது என்றார். அம்மாவுக்கு இது மனவருத்தத்தைக் கொடுத்தது. இவ்வளவு காலமும் பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்தால்கூட அந்தத் தூளில்தானே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன் என்றார். வெளிநாட்டுக்குப் போகிற இலையை ஒருதரம் குடித்துப் பார்த்துவிடுவது என்று கடைப் பக்கம் போய்விட்டார்.

நாங்கள் மூன்று பேரும் குளிருக்கு ஒதுங்க இடம் தேடினோம். தொழிற்சாலைக்குப் பின்னால், இலையைக் காயவைக்கும் சூளைக்கு விறகு போடுகிற ஒரு கொட்டகை இருந்தது. சுற்றுலா வருகிறவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. நாங்கள் சூட்டின் மணம் பிடித்துக்கொண்டு போய்விட்டோம். விறகு போடுகிறவர் எங்கள் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “கடற்கரை ஊருங்களா? வாங்க, குளிர் காய்ங்க” என்று ஒரு மரக்குற்றியை உருட்டிப் போட்டார். அப்பா அதில் உட்கார்ந்து காலை நீட்டினார். மாமா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வானைப் பார்க்கப் போனார். அப்பாவும் விறகு போடுகிறவரும் விறகைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் ஊரில் உடைவிறகு எப்படி எரியும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அப்பாவின் காலடியில் குந்தி இருந்ததால் முதலில் பார்த்தது நான்தான். சூளை வாசலில் கீழே ஓர் இரும்புச் சட்டம் இருந்தது. அப்பாவின் வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் போய் நின்றது. நானும் கால் வைத்துப் பார்க்கலாம் என்று முதலில் கைவிரல் நுனியால் அந்தச் சட்டத்தைத் தொட்டேன். தொட்ட உடனே கையை உதறி வாய்க்குள் வைத்துக்கொண்டேன். அப்பாவின் கால் அதிலேயே இருந்தது. அவர் விறகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“ஐயா, காலு” என்று கத்திக்கொண்டு விறகுக்காரர் பாய்ந்து வந்து அப்பாவின் காலைத் தூக்கினார்.

அப்பா குனிந்து பார்த்தார். வேறு யாருடையதோ காலைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். பாதத்தின் உள்பக்கம் சிவந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் கிளம்பிக் கொப்புளமாகிக்கொண்டிருந்தது.

“தெரியலீங்களா?” என்றார் விறகுக்காரர்.

“குளிருக்கு விறைச்சுப் போச்சு” என்றார் அப்பா.

விறகுக்காரர் அப்பாவின் தடியைப் பார்த்தார், பிறகு தண்ணீர் எடுக்கப் போனார். அப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். பயந்தது மாதிரி இருந்தார். அப்பாவுக்குப் பயம் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

“அம்மாட்டைச் சொல்லாதை, என்ன? பாவம், அவ சந்தோசமா இருக்கிறா.”

நான் தலையாட்டினேன். குளிருக்குத்தான் விறைத்தது என்று நானும் நம்பினேன். என் விரல் மட்டும் அதே குளிரில் ஏன் சுட்டது என்று யோசிக்கவில்லை. அப்பா என்னோடு ஒரு ரகசியம் வைத்திருக்கிறார் என்ற பெருமை அந்த யோசனைக்கு இடம் கொடுக்கவில்லை.

அன்று பொழுது சாயும் நேரம், நாங்கள் தங்கிய வீட்டில் அம்மா எண்ணெய்ப் போத்தலைத் திறந்தார். இன்றைக்கு வேண்டாம், குளிராக இருக்கிறது என்று அப்பா காலைப் போர்வைக்குள் இழுத்தார். ஒரு நாளும் தவறக் கூடாது என்று டொக்டர் சொன்னவர் என்றார் அம்மா. காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டுக்காரர் உருவியது போலவே மேலிருந்து கீழே உருவினார். அறையில் வெளிச்சம் குறைவு. நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, கொப்புளம் அம்மாவின் கையில் படக் கூடாது என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் கை பாதத்துக்கு வந்ததும் நின்றது. பிறகு பெருவிரலைக் கொப்புளத்தின் மேலேயே வைத்தார். வைத்து அழுத்தினார். அம்மா அழுத்திய விதத்தைப் பார்த்து எனக்குக் கண் கூசியது.

“சூடு தெரியுதோ?” என்று கேட்டார்.

அப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். “ஓம்” என்றார். “நல்ல இதமா இருக்கு.”

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அவர் சண்டை பிடிக்கவில்லை, அழவில்லை. போத்தலை மூடி வைத்துவிட்டு, கை கழுவப் போகிறேன் என்று வெளியே போனார். அம்மாவுக்குத் தெரியவில்லை, நான் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு நல்ல நித்திரை கொண்டேன்.

திரும்பி வரும் வழியில், அந்தச் சரக்குத் தோட்டத்தில் ஒருதரம் நிற்பாட்டு என்று அம்மா மாமாவிடம் சொன்னார். என்னத்துக்கு என்று அப்பா கேட்டார். ஏலக்காய் வாங்க மறந்துபோனேன் என்றார். என்னை மட்டும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். கொக்கோ மரத்தடியில் வெள்ளைக் கோட்டுக்காரரோடு நெடுநேரம் பேசினார். நான் கொஞ்சம் தள்ளி நின்று, தரையில் காய்த்த ஏலக்காயை இன்னொரு தரம் வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசியது கேட்கவில்லை. அவர் முதலில் இல்லை என்று தலையாட்டினார். அம்மா ஏதோ சொன்னார். அவர் தலை குனிந்துகொண்டார். பிறகு ஓம் என்று ஆட்டினார்.

வானுக்கு வந்து ஏறியதும் அம்மா சொன்னார், “டொக்டர் ஒரு பத்தியம் சொன்னவர். இந்தப் போத்தல் எண்ணெய் முடியுமட்டும் காலில உப்புத் தண்ணி படக் கூடாதாம். பட்டால் வந்த உணர்வும் போயிடுமாம்.”

அப்பா திரும்பினார். “முதல்நாள் அப்பிடிச் சொல்லேல்லையே.”

“முதல்நாள் நீங்கள் கடலில இறங்கிற ஆள் எண்டு அவருக்குத் தெரியாது. இண்டைக்கு நான் சொன்னனான்.”

“அதுவும் சரிதான் அத்தான்” என்றார் மாமா. மாமாவுக்கு எல்லாமே சரிதான்.

எண்ணெயாவது பத்தியமாவது என்று அப்பா கேட்டிருக்கலாம். கேட்டால், சூடு தெரிந்தது என்று சொன்னது என்னவாகும்? அந்த வான் ஓடிய ஓட்டத்தில் அப்பா எப்படி மாட்டிக்கொண்டார் என்பது இப்போது எனக்கு நன்றாக விளங்குகிறது. அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம், அப்பா யன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்ததைத்தான். அவர் முதலில் அந்தப் பொய்யை அம்மாவுக்காகச் சொன்னாரா, கடலுக்காகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சின்னப் போத்தல்தானே, கச்சான் ஓய்வதற்குள் முடிந்துவிடும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் பொழுது சாய அம்மா காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தார். “சூடு தெரியுதோ?” என்று கேட்பார். “கொஞ்சம்” என்பார் அப்பா. கச்சான் ஓய்ந்தது. கடல் குளம் மாதிரிப் படுத்தது. படகுகள் சங்குக்குப் போகத் தொடங்கின. போத்தலில் பாதிக்கு மேல் எண்ணெய் இருந்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கரையில் இருந்தார். கடற்கரைக்குப் போனாலும் அலை வந்து தொடுகிற கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்பார். சும்மா இருக்க முடியாமல், பழுதாய்ப்போன படகு இயந்திரங்களைக் கழற்றிப் பார்க்கத் தொடங்கினார். கழற்றிய சில திரும்பவும் ஓடின. அடுத்த கச்சானும் அடித்து ஓய்ந்தது. அப்போதும் போத்தலில் பாதிக்கு மேல் எண்ணெய் இருந்தது.

கரும்பச்சையாக இருந்த எண்ணெய் மெல்ல மெல்லத் தேன் நிறமாகிவிட்டது. கராம்பு மணம் போய்விட்டது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் ஏனோ வேகமாக முடிந்துகொண்டிருந்தது. கடைக்கு ஓடிப் போய் வாங்கி வந்தவளே நான்தான். இதைப் படிக்கிற யாருக்கும் இப்போது விளங்கியிருக்கும். ஏலக்காய்க்கு ஏணி வைத்த எனக்கு விளங்கவில்லை. நான் வேறு ஒரு முடிவுக்கு வந்தேன்.

அதற்கு வழிகாட்டியது ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி. ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் வீட்டுக் கலயத்தில் கடவுளின் இரக்கத்தால் எண்ணெய் குறையாமலே இருந்த கதையை சிஸ்டர் சொன்னார். நான் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு போத்தல் இருக்கிறது, இரண்டு வருடமாகக் குறையவில்லை, அப்பாவின் காலுக்குப் பூசுகிறோம் என்றேன். வகுப்பு முழுக்க வாயைப் பிளந்தது. ஏலக்காயில் என்னை வென்றவளும் அதில் இருந்தாள்.

அன்று பின்னேரமே சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா முற்றத்தில் ஓர் இயந்திரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். அம்மா கதிரை போட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போகும்போதுதான் சிஸ்டர் வந்த காரியத்தைச் சொன்னார். “பிள்ளை ஒரு போத்தலைப் பற்றிச் சொல்லுறா. பொய் சொல்லுற பிள்ளை இல்லை. எண்டாலும் கேட்டுப் போவம் எண்டு வந்தனான்.”

அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். சிஸ்டரிடம் பொய் சொல்ல அம்மாவால் முடியாது. அப்பாவுக்கு முன்னால் உண்மையைச் சொல்லவும் முடியாது. இது இப்போது நான் சொல்வது. அப்போது, இவ்வளவு பெரிய அற்புதம் நடந்த வீட்டில் அம்மா ஏன் இப்படிப் பேயைக் கண்டவர் மாதிரி நிற்கிறார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. நானே உள்ளே ஓடி அலுமாரியைத் திறந்து போத்தலைக் கொண்டுவந்து சிஸ்டரிடம் நீட்டினேன்.

அதை அப்பா வாங்கினார். கையிலிருந்த கிரீசைச் சாரத்தில் துடைத்துவிட்டு, மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். காற்றை மோந்து பார்த்தே மழை எப்போது வரும் என்று சொல்கிறவர் அவர். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஓம் சிஸ்டர்” என்றார் அப்பா. “ரெண்டு வருசமாக் குறையிறேல்லை. நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். சுவாமியிடம் சொல்லி, ஞாயிறு பூசையில் அறிவிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். அப்பா மூடியை இறுக்கிப் பூட்டி, போத்தலை அம்மாவின் கையில் கொடுத்தார்.

“வேண்டாம் சிஸ்டர். இது வீட்டோட இருக்கட்டும்.”

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கோயிலில் ஊரே கேட்க என் பெயர் சொல்லப்பட இருந்ததை அப்பா கெடுத்துவிட்டார். தேத்தண்ணி போடுகிறேன் என்று உள்ளே போன அம்மா நெடுநேரம் வரவில்லை. கடைசியில் கொண்டுவந்த தேத்தண்ணியில் சீனி இல்லை. அடுத்த இரண்டு நாளும் நான் அப்பாவோடு பேசவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அவர் சொன்னது சிஸ்டருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.